கொட்டிவாக்கம் – கல்பாக்கம், வழி: சோடியம்

கிழக்குக் கடற்கரைச் சாலை திருவான்மியூரைத் தாண்டியதும் வருவது கொட்டிவாக்கம். கிழக்கே குப்பமும் கடலும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் பழைய மகாபலிபுரம் சாலையும். இந்தக் குறுகிய நிலத்தில் வீடு கட்டிய எல்லோருக்கும் பொது எதிரி உப்புக் காற்று. ஜன்னல் கம்பி, மாடிக் கைப்பிடி, கேட்டின் கீல், ஏசியின் வெளிப்பெட்டி என்று இரும்பு இருக்கும் இடமெல்லாம் நகரத்தின் உட்பகுதியைவிட வேகமாகத் துரு ஏறும். துரு என்பது இரும்பு அணு தன் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் இழப்பது. காற்றிலுள்ள உப்பு, ஈரத்தில் மின்னோட்டத்துக்கு வழி திறந்து அந்த இழப்பை விரைவுபடுத்துகிறது. அந்த உப்பில் உள்ள அணுக்களில் ஏறத்தாழப் பாதி சோடியம். இதே சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தெற்கே போனால் கல்பாக்கம். அங்கே வேக ஈனுலை என்ற வகை அணு உலையின் வெப்பத்தைச் சுமப்பதும் சோடியம்தான், உருக்கிய உலோகமாக. கொட்டிவாக்கத்தில் அலையோடு வந்து காலை நனைக்கும் சோடியம் தண்ணீருக்குள் சாதுவாகக் கிடக்கிறது. கல்பாக்கத்துச் சோடியத்தின் மேல் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். இரண்டின் அணுக்கருவிலும் 11 புரோட்டான், 12 நியூட்ரான்; துளி வேறுபாடு கிடையாது. வேறுபடுவது ஒரே ஒரு எலக்ட்ரான். அணுவின் அமைப்பைப் புரிந்துகொள்ள பள்ளிப் புத்தகத்தின் படத்தைவிட இந்தச் சாலை நல்ல வழிகாட்டி என்பது என் வாதம். துகள்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்கவைக்கிறது அந்தப் படம். எந்தத் துகள் எந்த வேலையைச் செய்கிறது, எவ்வளவு ஆற்றலில் செய்கிறது என்று கேட்கவைக்கிறது இந்தச் சாலை.

படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் ஒரு பந்து, சுற்றிலும் வட்டப் பாதைகளில் சிறு பந்துகள். மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை ஏவிய கைகரும் மார்ஸ்டெனும், சில துகள்கள் வந்த வழியே திரும்பி வருவதை 1909இல் கண்டார்கள். அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் நடுவில் ஒரு சின்னஞ்சிறு கருவாகத் திரண்டிருந்தால்தான் அது நடக்கும் என்று 1911இல் ரதர்ஃபோர்டு கணக்குப் போட்டார். எலக்ட்ரான்களுக்குப் பாதைகள் வகுத்து 1913இல் படத்தை முடித்துக்கொடுத்தவர் நீல்ஸ் போர். அந்த போர் 1960இல் இந்தியா வந்தபோது சென்னைக்கும் வந்தார். மயிலாப்பூர் லஸ் பகுதியில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற தம் வீட்டிலேயே அல்லாடி ராமகிருஷ்ணன் இளம் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்த காலம் அது. அந்தச் சிறு குழுவைப் பற்றி போர் சொன்ன நல்ல வார்த்தை நேரு வரை போனது. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணைநின்றார். 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. இன்று அது தரமணியில் இருக்கிறது. கொட்டிவாக்கத்திலிருந்து கால்வாயைக் கடந்தால் பக்கம். போர் சென்னைக்கு வந்தபோது அவருடைய வட்டப் பாதைகள் செத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. 1925, 26இல் ஹைசன்பெர்க்கும் ஷ்ரோடிங்கரும் புதிய இயக்கவியலைக் கொண்டுவந்ததும், பாதைகளைக் கைவிட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர் போரே. படைத்தவர் விட்டுவிட்டார், பாடநூல் விடவில்லை.

“படம் இல்லாமல் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?” என்ற கேள்வி நியாயமானது. ஹைட்ரஜனின் ஒளிவரிகளை அந்தப் படம் சரியாகக் கணித்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் சோடியத்திடம் அது தோற்றது. அந்தத் தோல்விக்குச் சாட்சி சென்னையின் தெருக்களிலேயே பல்லாண்டு எரிந்தது. எல்இடி விளக்குகள் வருவதற்கு முன்னால் நம் சாலைகளை மஞ்சளாக்கிய சோடியம் விளக்கில், அணுவின் கடைசி எலக்ட்ரான் மேலே ஏறிக் கீழே இறங்கும்போது 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஒளியாக வெளிவரும். நல்ல நிறமாலைக் கருவியில் அந்த மஞ்சளைப் பார்த்தால் அது ஒரு வரியாக இல்லாமல் இரண்டாக இருக்கும்: ஒன்று 589.0 நானோமீட்டர், மற்றொன்று 589.6. வட்டப் பாதையில் ஓடும் பந்துக்கு இந்த இரட்டை வரிகளை விளக்கத் தெரியாது. எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்ற சொந்தக் குணம் உண்டு என்று 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் சொன்ன பிறகுதான் அந்த இடைவெளிக்குப் பொருள் கிடைத்தது. அந்தச் சுழற்சியும்கூடப் பம்பரம் சுற்றுவது போன்றதல்ல. புள்ளியளவு துகளுக்குச் சுற்றுவதற்கு உடம்பு ஏது?

சோடியத்தின் மஞ்சளுக்கும் சென்னைக்கும் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. சாலையை விட்டு ஒரு நிமிடம் விலகினாலும் பாதகமில்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் அன்றைய சென்னை மாகாணத்தின் வழியே போனது. பிரெஞ்சு வானியலர் ஜான்சன் குண்டூரில் இருந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரிய விளிம்பின் தழல்களில் ஒரு மஞ்சள் வரி தெரிந்தது. சோடியமாகத்தான் இருக்கும் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் இடம் இம்மியளவு தள்ளியிருந்தது: 587.5. அந்தச் சிறு விலகலைப் பிடித்துக்கொண்டு ஆங்கில வானியலர் லாக்கியர் இது புதிய தனிமம் என்றார். ஹீலியம் வந்தது அப்படித்தான். பின்னாளில் ரதர்ஃபோர்டு தங்கத் தகட்டில் மோதவிட்ட ஆல்ஃபா துகள் அதே ஹீலியத்தின் கரு. அணுவின் உள்ளே போக மனிதருக்கு முதலில் கிடைத்த வாசல், எலக்ட்ரான்கள் உமிழும் ஒளியின் இந்த அங்குலக் கணக்கு.

இனி அளவு. கொட்டிவாக்கம் கடற்கரையில் சுமார் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு தேங்காயை வைத்து, அதுவே சோடியத்தின் அணுக்கரு என்று கொள்வோம். அணுவின் வெளி எல்லை ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும். அதன் கடைசி எலக்ட்ரானைப் பறித்துவிட்டால், அதாவது கடல்நீரில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால், எல்லை நீலாங்கரைக்குச் சுருங்கிவிடும். ஒரு எலக்ட்ரான் போனதற்கு அணு பாதியாகிறது; தேங்காய்க்கோ ஒன்றும் ஆவதில்லை. இந்த இடத்தில்தான் மேடைப் பேச்சாளர்கள் “அணு என்பதே வெற்றிடம், உலகமே வெற்றிடம்” என்று முடித்துக் கைதட்டல் வாங்குவார்கள். அது தவறு என்றே சொல்வேன். நடுவே கிடக்கும் பாலவாக்கமும் நீலாங்கரையும் காலி மனைகள் அல்ல. எலக்ட்ரான்களின் அலை முழுக்க நிரம்பிய இடம். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கக்கூடாது என்ற பௌலியின் விதி அங்கே சட்டமாக இருக்கிறது. சுவரில் கை வைத்தால் கை உள்ளே போகாததற்கு இந்த விதியும் மின் விலக்கமுமே காரணம். இது எவ்வளவு வலுவான தடை என்று காட்டியவர் மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிந்து முடிந்த வெள்ளைக் குள்ள விண்மீனை அதன் சொந்த எடை நசுக்காமல் தாங்குவது எலக்ட்ரான்கள் காட்டும் எதிர்ப்பு. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடை வரை அது தாங்கும் என்பது அவர் கண்ட எல்லை. விண்மீனைத் தாங்கும் ஒன்றை வெற்றிடம் என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

உத்தண்டியில் சுங்கச்சாவடி, பிறகு முட்டுக்காட்டின் உப்பங்கழி, கோவளம், திருவிடந்தை. இந்த நீளத்துக்குக் கண்ணில் படும் எல்லாமே எலக்ட்ரான்களின் வேலை: இலையின் பச்சை, பெட்ரோலின் எரிப்பு, மீன் கருவாடாவது, செல்பேசி கோபுரத்தின் அலை. எல்லாம் சில எலக்ட்ரான் வோல்ட் அளவிலோ அதற்கும் கீழோ நடப்பவை. நெம்மேலியில் அந்த வேலை தொழிற்சாலையாகவே நிற்கிறது. 2013இல் திறந்த நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலையும், 2024இல் சேர்ந்த 15 கோடி லிட்டர் ஆலையும் தென்சென்னையின் தாகத்துக்குக் கடலை வடிகட்டுகின்றன. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும் நீரை அழுத்தத்தோடு சவ்வின் மேல் தள்ளினால் நீர் போகும், சோடியம் நின்றுவிடும். சோடியம் அயனி நீர் மூலக்கூறைவிடப் பெரிது என்பதால் நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு எலக்ட்ரானை இழந்ததால் வந்த நேர் மின்னூட்டம் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சுற்றத்தை உதறிவிட்டுச் சவ்வுக்குள் நுழைய அதற்கு ஆற்றல் போதவில்லை. கடல் சோடியத்திடம் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து உலோகமாக்க வேண்டுமானால் உருக்கிய உப்பில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். தனித்து நிற்கும் ஒரு சோடியம் அணுவிலிருந்து அந்த எலக்ட்ரானைப் பிரிக்கும் விலை 5.1 எலக்ட்ரான் வோல்ட். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

மாமல்லபுரத்தில் எலக்ட்ரான் பின்னுக்குப் போய் அணுக்கரு முன்னுக்கு வருகிறது. ஐந்து ரதங்களின் கல் கனக்கிறது என்றால், அந்தக் கனத்தில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் அணுக்கருக்களுடையது. ஒரு எலக்ட்ரானின் எடை புரோட்டானில் 1,836இல் ஒரு பங்குதான். இன்னும் உள்ளே போனால் வேறு விதமான வியப்பு. புரோட்டானும் நியூட்ரானும் மூன்று மூன்று குவார்க்குகளால் ஆனவை. ஆனால் அந்தக் குவார்க்குகளின் எடையைக் கூட்டினால் புரோட்டானின் எடையில் நூற்றில் ஒன்று மட்டுமே தேறும். மிச்சம் எல்லாம் அவற்றின் இயக்க ஆற்றலும் அவற்றைப் பிணைத்திருக்கும் விசைப்புலத்தின் ஆற்றலும். சிற்பி உளியால் செதுக்கியெடுத்த பாறையின் பாரம் பெரும்பகுதி ‘பொருள்’ என்று நாம் நினைப்பதன் பாரமே அல்ல. உளி வெட்டியதோ எலக்ட்ரான் பிணைப்புகளை மட்டும். பல்லவர் காலம் முழுக்க வெட்டியும் ஒரு அணுக்கருவைக்கூட எந்த உளியும் தொட்டதில்லை.

அணுக்கரு அப்படி ஒதுங்கியே இருக்கிறதா என்ற மறுப்பு இங்கே எழும். கிரானைட் வகைப் பாறையில் பொட்டாசியம் உண்டு. பொட்டாசிய அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று போல பொட்டாசியம்–40. அது தானாகச் சிதைந்து பெரும்பாலும் கால்சியமாகவும் கொஞ்சம் ஆர்கானாகவும் மாறுகிறது. சுற்றுலா வந்தவரின் உடலிலும் அது உண்டு. வளர்ந்த ஒருவருக்குள் நொடிக்கு 4,000க்கு மேல் இந்தச் சிதைவு நடக்கிறது. ஒரு தனிமம் இன்னொன்றாவதைவிட வேதியியலில் பெரிய தலையீடு என்ன வேண்டும்? உண்மைதான். ஆனால் வேகத்தைப் பார்க்க வேண்டும். பொட்டாசியம்–40இன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. கல் செதுக்கப்பட்டு 1,300 ஆண்டு ஆகிறது; அதற்குள் சிதைந்தது கோடிக்கு ஏழு அணு. அதே காலத்தில் கடற்காற்று சிற்பங்களின் முகத்தை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைக் கடற்கரைக் கோயிலில் கண்ணாலேயே பார்க்கலாம். கரு அணுவுக்குப் பெயரும் எடையும் கொடுக்கிறது. அன்றாட நடவடிக்கை எலக்ட்ரான்களின் கையில். இந்த வேலைப் பிரிவினை முழுமையானதல்ல, ஆனால் மிக மிக நல்ல தோராயம்.

தோராயம் எங்கே இடறுகிறது என்பதைக் காட்டும் பொருளும் கடலிலேயே இருக்கிறது. கொட்டிவாக்கத்து அலையில் உள்ள ஹைட்ரஜனில் ஏறத்தாழ 6,400க்கு ஒன்று டியூட்டீரியம். அதன் கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் இருக்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, ஆகவே எலக்ட்ரான்களுக்கு அது தெரியவே கூடாது. ஆனாலும் கனநீர் 101.4 டிகிரியில் கொதிக்கிறது, சாதாரண நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடுதல். எடை இரட்டிப்பானதால் அணுவின் அதிர்வு மந்தமாகிறது, பிணைப்பு சற்று இறுகுகிறது. எடை இவ்வளவு விகிதத்தில் மாறுவது ஹைட்ரஜனில் மட்டுமே; சோடியத்தில் ஒரு நியூட்ரான் கூடினால் மாற்றம் நூற்றுக்கு நாலு. இந்தச் சிறு பிசகை நம்பித்தான் தூத்துக்குடியில் கனநீர் ஆலை நடந்தது. 1984இலும் 1986இலும் வணிக மின்னுற்பத்தி தொடங்கிய கல்பாக்கத்தின் இரண்டு அணுமின் அலகுகள் கனநீரை நம்பியவை. அவற்றின் எரிபொருளான இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்–235 நூற்றுக்கு 0.7தான், அதற்குள் தொடர்வினை நடக்க வேண்டுமானால், நியூட்ரான்களை விழுங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் ஒன்று வேண்டும்.

கல்பாக்கத்தில் கதாநாயகன் நியூட்ரான். 1932இல் சாட்விக் கண்டுபிடித்த இந்தத் துகளுக்கு மின்னூட்டம் இல்லை என்பதே அதன் பலம். எலக்ட்ரான்கள் நிரம்பிய அத்தனை கிலோமீட்டரையும் யாரும் மறிக்காமல் கடந்து கருவைத் தொட்டுவிடும். யுரேனியம் பிளந்தால் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படும். அனல்மின் நிலையத்தில் ஒரு கரி அணு எரிந்தால் வருவது நாலு. வேக ஈனுலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. தண்ணீர் அதற்கு உதவாது, ஹைட்ரஜன் கரு நியூட்ரானின் எடையே கொண்டதால் மோதலில் பாதி ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். கனமான சோடியம் கரு அவ்வளவு பிடுங்காது. 98 டிகிரியில் உருகும், 883 டிகிரி வரை கொதிக்காது, வெப்பத்தை அருமையாகக் கடத்தும். 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை தொடங்கிய சோதனை ஈனுலையிலும், 2024 மார்ச்சில் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையிலும் சோடியம் வந்த காரணம் இது.

இந்தச் சோடியம் உலைக்குள் ஒரு நியூட்ரானைப் பிடித்துக்கொண்டால் சோடியம்–24 ஆகிறது. 15 மணி நேர அரை ஆயுளில் அது மக்னீசியமாக மாறுகிறது. ஒரு நியூட்ரானுக்குள் இருக்கும் கீழ் குவார்க் ஒன்று மேல் குவார்க்காகிவிட, நியூட்ரான் புரோட்டானாகிறது. எலக்ட்ரான் ஒன்றும் எதிர்நியூட்ரினோ ஒன்றும் வெளியேறுகின்றன. அந்த எலக்ட்ரான் முன்பே கருவுக்குள் ஒளிந்திருக்கவில்லை, அந்தக் கணத்தில் பிறந்தது; ஃபெர்மி இதைத் தெளிவுபடுத்தும் வரை இயற்பியலாளர்களையே குழப்பிய விஷயம் இது. மாற்றத்தில் வெளிப்படும் ஆற்றல் 5.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். நெம்மேலியில் கையில் எடுத்துக்கொண்ட எண் 5.1. ஒரே தனிமம்: எலக்ட்ரான் ஒன்று போனால் உப்பு, நியூட்ரான் ஒன்று வந்தால் மக்னீசியம், இரண்டு கணக்குக்கும் நடுவே ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு. பந்தும் வட்டமும் வரைந்த படம் சொல்லாமல் விடுவது இந்தப் பத்து லட்சத்தை.

இதெல்லாம் கணக்குக்காகக் கற்பித்துக்கொண்டவை, துகளை யார் கண்டார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உலையின் கட்டுப்பாட்டு அறை பதில் சொல்லும். யுரேனியம்–235 பிளவில் வரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறு ஏழு, பிளவுத் துண்டுகளிலிருந்து சில நொடிகள் தாமதித்து வருகின்றன. அந்தச் சிறுபான்மை தாமதிப்பதால்தான் கட்டுப்பாட்டுக் கம்பிகளால் உலையைப் பிடித்து நிறுத்த முடிகிறது. இல்லாத துகள்களின் தாமதத்தை நம்பி யாரும் இயந்திரம் ஓட்ட முடியாது. உலை வேண்டுமா, கடலோர மக்களின் அச்சத்துக்கு என்ன பதில் என்பது வேறு கேள்வி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்பாக்கத்தின் பம்பு அறைக்குள் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்த அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது என்பது தகவல். அதை வைத்து எல்லாக் கவலையையும் தள்ளிவிட முடியாது. நியூட்ரானின் இயல்பை அறிந்தவருக்கு அந்த விவாதத்தில் கூடுதல் தெளிவு இருக்கலாம், கூடுதல் உரிமை இல்லை.

ஈனுலையைக் கட்டியவர்கள் அணுவின் இந்த இரட்டை வாழ்க்கையைக் குழாய்களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சோடியம் ஒரு சுற்றில் ஓடவில்லை, இரண்டு சுற்றுகளில் ஓடுகிறது. முதல் சுற்று உலையின் மையத்தைத் தொட்டு வெப்பத்தையும் கதிரியக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறது. அது தன் வெப்பத்தை மட்டும் உலோகச் சுவர் வழியே இரண்டாம் சுற்றுச் சோடியத்திடம் கொடுக்கிறது. நீராவியாகப் போகும் தண்ணீருக்குப் பக்கத்தில் வருவது இந்த இரண்டாவது. நீராவிக் குழாயில் கசிவு ஏற்பட்டுச் சோடியமும் தண்ணீரும் சந்தித்தால் அது வேதியியல் விபத்து, எலக்ட்ரான்களின் சண்டை. சோடியம்–24 அதில் கலந்துவிடக் கூடாது. இரண்டு ஆபத்துகளையும் தனித்தனி வளையத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். உலையை நிறுத்திப் பத்து நாள் காத்திருந்தால் சோடியம்–24 பதினாறு முறை பாதியாகி அறுபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகும் முதல் சுற்றில் கொஞ்சம் சோடியம்–22 மிஞ்சும். அது வேக நியூட்ரான் மோதி, நியூட்ரான் ஒன்றை இழந்த கரு. அரை ஆயுள் 2.6 ஆண்டு.